நூற்று எழுபத்தொன்று

மஸ்ஸாவாவில் கடலை முதுகுக்குப் பின்னே விட்டபோது
கைப்பிடியில் இருந்த சின்னத் திரை
நூற்று முப்பத்தெட்டு என்றது.
காலை ஆறரை. அதற்குள் வெயில்.

என் வேலை ஜெயிப்பது இல்லை.
என் வேலை பாட்டில்.
அணி வண்டி வரை பின்வாங்கிப் போய்
முதுகில் நான்கு, சட்டைக்குள் நெஞ்சில் இரண்டு,
சட்டகத்தில் ஒன்று.
எல்லாப் பக்கமும் தண்ணீர்,
எதுவும் எனக்கில்லை.
முன்னே போகிறவள் ரஹ்வா. அவளுக்கு.

தோங்கோலோ தாண்டிச் சாலை தலை தூக்கியது.
அதற்கப்புறம் மாறாமல்
அதே மிதி, அதே பல்சக்கரம், அதே வேகம்.
நூற்று நாற்பத்தொன்பது.
சத்தியமாகக் கால் கூடுதலாக எதுவும் செய்யவில்லை.
நூற்று ஐம்பத்தாறு.

வியர்வை தோலில் ஊறுவதில்லை.
ரத்தத்திடம் கடன் வாங்கித்
தோல் செய்கிற செலவு அது.
கடன் ஏற ஏறத்
திரும்பி வரும் ரத்தம் குறையும்.
கையளவு அறை, நிரம்பும் முன்பே
மூடித் தள்ள வேண்டியிருக்கும்.
கிணறு கீழே போனால் வாளி குறையாக வரும்,
குறையாக வந்தால் கூட இறைக்க வேண்டும்.
அவ்வளவுதான். பயம் இல்லை, காதல் இல்லை.
நெஞ்சு படபடப்பது எப்போதும் கதைக்காக அல்ல,
சில நேரம் கணக்குக்காக.

கிந்தாவில் பழைய ரயில் நிலையம்.
நீராவி எஞ்சின் இங்கே நின்று
வயிறு முட்டக் குடித்த பிறகுதான் மலை ஏறுமாம்.
இரும்புக்கு அந்த மரியாதை.
நாங்கள் நிற்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வண்டியைக் காணோம்.
வளைவில் சிமென்ட் லாரி ஒன்று
குறுக்கே படுத்துவிட்டதாம், அப்புறம் தெரிந்தது.
சப்பாத்திக் கள்ளி, சப்பாத்திக் கள்ளி,
வேலிக்கல் மேல் ஒரு குரங்குக் குடும்பம்,
மறுபடி சப்பாத்திக் கள்ளி.
கடைசி பாட்டில். அதிலும் பாதி.

ரஹ்வா கையை நீட்டினாள். கொடுத்தேன்.
குடித்தாள். பாதியில் நிறுத்தினாள்.
என் திரையை எட்டிப் பார்த்தாள்.
நூற்று எழுபத்தொன்று.
"உனக்கா இது?"
"வெயில்," என்றேன்.
"பொய்," என்றாள், பாட்டிலைத் திருப்பி நீட்டினாள்.
அடியில் இரண்டு விரல் தண்ணீர்,
வெந்நீர் மாதிரி.

திரும்பி வரும் பாட்டிலை வாங்கக் கூடாது,
எங்களுக்குள் எழுதாத சட்டம்.
வாங்கினேன். அவள் பிடரியில் ஊற்றினேன்.
இப்படியும் ஒரு திமிர்.
திக்ரின்யாவில் அவள் திட்டியது நல்ல வசை,
அச்சில் ஏறாது.
போ என்றேன். போனாள்.

நெஃபாசித் வரை வந்தேன்.
இல்லை, சைக்கிள் வந்தது.
வியர்வை நின்றுபோயிருந்தது.
அந்த வெயிலில் கையில் மயிர் சிலிர்த்தது.
சட்டையில் உப்பு வெள்ளையாக
எந்த நாட்டுக்கும் சேராத ஒரு வரைபடம் போட்டிருந்தது.
காதுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்,
திறக்கச் சொல்லி அல்ல,
உள்ளேதான் இருக்கிறோம் என்று சொல்லி.

பஞ்சர் ஒட்டும் கடை. கடைக்காரி லெதெகிதான்
ஒன்றும் கேட்கவில்லை.
ஓட்டை தேடும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்
பழைய டயர் மேல் உட்கார வைத்தாள்.
முதலில் ஒரு சிட்டிகை உப்பு, பிறகு டம்ளர்.
"ஒரே மூச்சில் வேண்டாம்,
டியூபுக்குக் காற்றடிக்கிற மாதிரி, பார்த்துப் பார்த்து."

நூற்று அறுபத்திரண்டு.
நூற்று ஐம்பத்தைந்து.
வீட்டுக்குப் போக மனமில்லாதவன்
படிக்கட்டில் நின்று நின்று இறங்குவது போல.

முதல் டம்ளர் போனதே தெரியவில்லை.
இரண்டாவதில் ருசி இருந்தது,
லேசாக ரப்பர் ருசி.
அர்பாரோபா பக்கமிருந்து மூடுபனி வழிந்து வந்தது,
வாயைத் திறந்து அதையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.
மூன்றாவது டம்ளரில்தான்
யார் ஜெயித்தது என்று கேட்கத் தோன்றியது.

லெதெகிதான் ரேடியோவைத் திருகினாள்.
இரைச்சல்.
நூற்றுப் பதினெட்டு.
இரைச்சல்.